காய்ச்சல் போனது சரி, காலும் ஏன் போனது?

கேள்வி:

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 73 வயது. போன மாதம் வரை சைக்கிளில் வயலுக்குப் போய் வந்தவர். நிமோனியா வந்து தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் 11 நாள் படுத்திருந்தார். நுரையீரல் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போக ஒருவர் கை பிடிக்க வேண்டியிருக்கிறது. 54 கிலோ இருந்தவர் இப்போது 49. சர்க்கரைக்கு 12 வருடமாக மாத்திரை. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1 என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மத்தியானம் இரண்டு கரண்டி ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி, நடுவில் இரண்டு காபி, பிஸ்கட். இவ்வளவுதான் சாப்பாடு. பருப்பு வாயு, முட்டை சூடு, மீன் கபம் என்று அம்மா எதையும் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி புரோட்டீன் பவுடர் அனுப்பட்டுமா என்கிறான். பக்கத்து ஊர் கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்கிறார்கள். வயசானால் இப்படித்தானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அப்பா மருத்துவமனைக்குப் போகும்போதும் 73, திரும்பி வரும்போதும் 73. இரண்டு வாரத்தில் யாருக்கும் பத்து வயது ஏறிவிடாது. அவர் காலில் இருந்த சதை கரைந்திருக்கிறது. கரைத்தது பாதி நோய், மீதி கட்டில். வீட்டுக்கு வந்த பிறகும் அது கரைந்துகொண்டே இருக்கக் காரணம் கஞ்சி. இதைச் சொன்னால் உங்கள் அம்மா வருத்தப்படுவார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பா மாதிரி ஆட்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். நடந்து வந்து அட்மிட் ஆகிறவர்கள், நோய் குணமாகிச் சக்கர நாற்காலியில் வெளியே போகிறார்கள். 70 வயது தாண்டியவர்கள் மருத்துவமனையில் சேர்ந்து திரும்பும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதுவரை தானாகச் செய்துகொண்டிருந்த ஏதோ ஒரு வேலைக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறவராகிவிடுகிறார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, இப்படி. நோயின் பெயர் எதுவாக இருந்தாலும் கடைசியில் நிற்கும் இடம் இதுதான்.

கட்டில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அது. நோய் நொடி இல்லாத பத்துப் பன்னிரண்டு பெரியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 67. மூன்று வேளையும் கணக்குப்படி சாப்பாடு கொடுத்தார்கள். அப்படியும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. நன்றாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. உங்கள் அப்பாவுக்கு அதோடு நிமோனியாவும் சேர்ந்தது. கிருமியோடு சண்டை போட உடம்புக்குப் புரதம் வேண்டும். வாய் வழியாக வராவிட்டால் தொடையிலிருந்து உருவிக்கொள்ளும். நெல் வராத வருஷத்தில் விதைநெல்லை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி.

வார்டில் என்ன நடந்திருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. காலையில் ஸ்கேனுக்காக வெறும் வயிறு, ஸ்கேன் எடுக்கும்போது மணி இரண்டு. அதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்து ஆறிப் போயிருக்கும். கழற்றி வைத்த பல்செட் வீட்டிலேயே கிடந்திருக்கும். இறங்கப் பார்த்தால், "விழுந்துடப் போறீங்க தாத்தா, படுங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போகும்போது கையில் ஒரு டயட் தாள், இங்கிலீஷில். இதில் என் தொழில்காரர்களின் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் 8 மருத்துவமனைகளில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. மீதிப் பேருக்கு எவ்வளவு தேவை என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு, அது வயிற்றுக்குள் போகிறதா என்று கவனித்தார்கள். 30 நாளில் இரண்டாவது கூட்டத்தில் இறப்பு குறைந்தது. தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாமல் போனவர்களும் குறைந்தார்கள். சாப்பாட்டுத் தட்டும் மருந்துச் சீட்டைப் போலத்தான் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் புரதம் 2 கிராம். ரசம் சாதத்தில் 4. இரண்டு இட்லியில் 4. காபியில் இருக்கும் பாலும் பிஸ்கட்டும் சேர்ந்து ஒரு 5. ஆக மொத்தம் 15 கிராம். நோயிலிருந்து தேறும் வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 49 கிலோவுக்கு 60லிருந்து 70 கிராம். அதாவது அப்பாவுக்குத் தேவையானதில் கால் பங்குதான் போகிறது. கலோரியும் வேண்டியதில் பாதி இருந்தால் அதிகம். அவருக்கு நாளைக்கு 1,500 கலோரியாவது வேண்டும். இந்த நிலைமையில் எடை இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குளுக்கோஸ் பாட்டில் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வழக்கமாக ஏற்றும் 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட வராது. புரதம் ஒரு துளியும் இல்லை. வெறும் சலைன் என்றால் கலோரியே கிடையாது, உப்புத் தண்ணீர். வாந்தி, பேதியால் உடம்பில் தண்ணீர் வற்றியவருக்கு அது உயிர் காக்கும். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அதற்காக ஊசி குத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் மறுபடியும் படுத்துக் கிடப்பது வீண். சர்க்கரைக்காரருக்கு இன்னும் வீண். ஏற்றிய அன்று தெம்பாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நாலு பேர் கூட இருந்து பார்த்துக்கொண்டதில் வந்த தெம்பு அது.

அம்மாவுக்கு வருகிறேன். கஞ்சியை நான் பழிக்கவில்லை. ஜுரம் அடித்து நாக்கு கசக்கும் முதல் இரண்டு நாள் கஞ்சியைப் போல ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் பத்தியம் என்பது முடியும் தேதியோடு வருவது. தேதி முடிந்த பிறகும் பத்தியம் தொடர்ந்தால் அது பட்டினி. அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "நாங்க பெரியவளானப்ப உளுந்தங்களி கிண்டிக் கிண்டிக் கொடுத்தியே, எதுக்கு?" இடுப்புக்கு பலம் என்பார். அந்த பலம் அப்பாவின் இடுப்புக்கும் வேண்டும்தானே? டெல்டாவில் சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரம் காய்வதற்குள் உளுந்தும் பயறும் தெளித்து எடுக்கிறோம். எடுத்ததை மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டில் மறுபடியும் சோறும் ரசமும். எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு.

ஆகவே முதல் மாற்றம், காலைக் கஞ்சியை விட வேண்டாம், அதற்குள் போவதை மாற்றுங்கள். ஒரு கைப்பிடி உளுந்து, அதாவது 30 கிராம் அளவுக்கு, வறுத்து, ஊற வைத்து, குழைய வேகவைத்து, அரை டம்ளர் பால் விட்டுக் கஞ்சியாக்குங்கள். உப்பு, சுக்கு போட்டுக் கொடுக்கலாம். வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. இதில் 10 கிராம் புரதம் கிடைக்கும். பழைய டம்ளர் கஞ்சியைப் போல ஐந்து மடங்கு. வாயு என்று அம்மா சொன்னால் பயத்தம்பருப்பில் செய்யுங்கள், ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சீரகமும் போட்டு. வாயு பருப்பால் மட்டும் வருவதில்லை. படுத்தே கிடந்து மலம் கட்டினாலும் வயிறு உப்பும், பழி பருப்பின் மேல் விழும்.

கும்பகோணம் பக்கம் இட்லிக்குக் கடப்பா செய்வோம், தெரியும்தானே? பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது. பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுச் செய்யுங்கள். காலையில் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கடப்பா, ஒரு வேகவைத்த முட்டை என்றால் 15 கிராம் வந்துவிடும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், மெல்லுவதற்கும் சுலபம். சூடு என்ற பயத்துக்கு என்னிடம் மருத்துவ விளக்கம் எதுவும் இல்லை. பகலில் கொடுங்கள், மோர் சேர்த்துக் கொடுங்கள், அம்மா சமாதானம் ஆவார். மத்தியானம் குழைந்த சோறும் கெட்டிப் பருப்பும், மேலே ஒரு ஸ்பூன் நெய். குளத்து விரால் கிடைத்தால் இரண்டு துண்டு குழம்பில் போடுங்கள். நடுமுள்ளை எடுத்துவிட்டால் பயமில்லாமல் சாப்பிடலாம். கெண்டையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள், பொடிமுள். கபம் கட்டியது கிருமியால், மீனால் இல்லை. ஒரு கிண்ணம் தயிரையும் சேர்த்தால் மத்தியான வேளையில் மட்டும் 25 கிராமை எட்டிவிடலாம்.

வேளைக்கு 20, 25 கிராம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வயதானவர்களின் சதைக்குக் காது மந்தம். நாள் முழுவதும் இரண்டு இரண்டு கிராமாக மெல்லக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. ஒரு வேளையில் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ராத்திரி இட்லியோ தோசையோ எதுவானாலும் கூட ஒரு முட்டை, ராத்திரியில் முட்டை வேண்டாம் என்று அம்மா சொன்னால் கெட்டிப் பருப்பு. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், அதில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடர். சாயங்காலம் பொட்டுக்கடலை மாவை மோரில் கலந்து கொடுங்கள், 30 கிராம் மாவில் 6 கிராம் புரதம். இவ்வளவையும் கூட்டினால் 75, 80 கிராம் வரும். அவர் கால் பங்கை மீதி வைப்பார் என்று தெரிந்துதான் கூட்டிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். பல நாள் அரைகுறையாகச் சாப்பிட்டவர் உடம்பில் திடீரென்று சாப்பாடு ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைந்து சிக்கல் வரலாம். முதல் நான்கு நாள் இப்போது சாப்பிடுவதோடு ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அப்புறம் உளுந்து. அப்புறம் மீன். ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவுக்கு வரட்டும். அவருக்குப் பசிக்காது. பசித்தால் சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மணி பார்த்துக் கொடுங்கள், மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமுமாக ஆறு தடவை. தட்டோடு தண்ணீரையும் ரசத்தையும் முதலில் நீட்டாதீர்கள், வயிறு அதிலேயே நிறைந்துவிடும். கெட்டியானது முதலில், தண்ணியானது கடைசியில்.

கிரியாட்டினின் 1.1 என்பதால் இந்த அளவு புரதத்துக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. இருந்தாலும் சதை குறைந்தவர்களுக்கு அந்த எண் சிறுநீரகத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தச் சாப்பாட்டைச் சொல்லி, சிறுநீரகத்துக்கு ஒத்துவருமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரையையும் அப்போதே பேச வேண்டும். முன்பு மூன்று வேளை முழுச் சாப்பாட்டுக்கு எழுதிய மாத்திரையை இப்போது கஞ்சிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. வேர்த்து, கை நடுங்கி, உளறினால் "பலவீனம்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உடனே சோதியுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் குடிக்கும்போது அவருக்கு இருமல் வருகிறதா? நிமோனியா வந்தவர் என்பதால் கேட்கிறேன். விழுங்குவதில் குறை இருந்தால் சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி மறுபடியும் சளி கட்டும். அப்படி இருந்தால் நான் மேலே சொன்ன மெனுவை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் படுத்தபடி ஊட்டுவது கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். பல்செட் வாயில் இருக்கட்டும். இளைத்ததில் அது தளர்ந்திருந்தால் அதுவே அவர் சாப்பிட மறுக்கக் காரணமாக இருக்கும்.

தம்பியின் பவுடருக்கு நான் எதிரி இல்லை. வீட்டுச் சாப்பாட்டில் 60 கிராமை எட்ட முடியாத நாட்களில் கைகொடுக்கும். டப்பாவின் பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சத்து பானம் என்று விற்கும் பலவற்றில் சர்க்கரையும் மாவும்தான் பெரும்பங்கு. பொட்டுக்கடலையில் இருக்கும் 20 கிராம்கூட இல்லாத டப்பாவுக்கு விமானக் கட்டணம் எதற்கு? ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். அதில் இறங்குவது பெரும்பாலும் எலும்புப் பசை. ருசிக்குக் கொடுங்கள், சதை வளர்க்க அதை நம்பாதீர்கள்.

இவ்வளவு சாப்பாட்டையும் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிலிலேயே வைத்திருந்தால் பாதிக்கு மேல் வீண். சதைக்கு வேலை வந்தால்தான் புரதத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளும். நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை. என்னோடு வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தரும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மர நாற்காலி நல்லது. இருக்கை உயரம் போதவில்லை என்றால் ஒரு ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில், குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். பெரும்பாலானவர்கள் முதுகைச் சாய்த்தபடியே எழப் பார்ப்பார்கள். அதனால்தான் பின்னால் விழுகிறார்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடை பலமாகிறது.

முதலில் மூன்று தடவை எழுந்தால் போதும், காலை, மத்தியானம், சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு எண்ணிக்கை கூட்டுங்கள். எட்டு, பத்து சுலபமாக வந்துவிட்டால் ஜமக்காளத்தின் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். கடைசியில் கைப்பிடியையும் விடட்டும். கை வைக்காமல் ஐந்து தடவை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் இன்னும் குறைவு என்று பொருள். அதைவிடச் சீக்கிரம் முடித்தால் நல்ல இடத்துக்கு வந்துவிட்டார். படுக்கையிலிருந்து எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். நின்றதும் தலை சுற்றினால் பிரஷர் மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து நடக்கிறது. அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சு வாங்குவது அதிகமாவது, மறுபடியும் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இதில் எது வந்தாலும் பயிற்சியும் சாப்பாடும் அப்புறம், முதலில் மருத்துவமனை.

எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தினமும் மனதில் ஓடும். 11 நாளில் போனது 11 நாளில் வராது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பழையபடி முழுசாக வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போன மாதம் வரை சைக்கிள் மிதித்தவருக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். எத்தனை தடவை எழுந்தார் என்பதைக் காலண்டர் தாளில் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். எடை ஏறுவதற்கு முன் அந்த எண்ணிக்கை ஏறும். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு எழுதுங்கள், சாப்பாட்டை மறுபடி பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறதா? இருந்தால் நாளையிலிருந்து காலைக் காபியைக் கட்டிலுக்குக் கொண்டு போகாதீர்கள். பால் கொஞ்சம் கூடுதலாக விட்டு, திண்ணையில் வைத்துவிட்டு, "அப்பா, காபி ஆறுது" என்று குரல் மட்டும் கொடுங்கள். முதல் சில நாள் பின்னாலேயே போங்கள், தொடாமல்.